வேரியேட்டரும் கிக்கரும் ஒரே நட்டில்: ஸ்கூட்டரின் பெல்ட் டிரைவை வேகத்துக்கு அமைப்பது எப்படி?

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து என் 110 சிசி ஸ்கூட்டருக்குப் புது வேரியேட்டர் (பெல்ட் ஓடும் முன்புல்லியின் நகரும் பாதி) மாட்டினேன். ஞாயிறு காலை அவிநாசி சாலையில் ஆறேழு கிலோமீட்டர் அருமையாக இழுத்தது. அப்புறம் இடது பக்கம் 'கரக்'கென்று ஒரு சத்தம். செல்ஃப் போட்டால் இன்ஜின் ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கிக்கரை உதைத்தேன். எதிர்ப்பே இல்லாமல், தண்ணீரில் கால் விட்டது போலக் கீழே போய் வந்தது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கவரைக் கழற்றினால், நட்டு கையாலேயே சுழல்கிறது. முன்புல்லியின் வெளிப்பாதியான ஃபேன் பிளேட்டின் நடுத்துளையில் இருந்த பற்களெல்லாம் மழித்துவிட்டது போல வழவழவென்று இருந்தன.

தப்பு முழுக்க என்னுடையது. நட்டை இறுக்கும்போது பெல்ட் நடுவில் மாட்டியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் ஒரு விஷயம் புரிந்தது. வேரியேட்டரும் கிக்கரும் இரண்டு தனி வேலைகள் அல்ல. இரண்டும் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரே முனையில், ஒரே நட்டின் பிடியில் இருக்கின்றன. முன்னதில் ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் பின்னதில் அது தெரியும். வேரியேட்டர் மாற்றுவது பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் கிக்கரை மறந்துவிடுகிறார்கள். அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

டியோ, ஆக்டிவா, என்டார்க் மாதிரியான 110, 125 சிசி வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பாகங்களின் அளவு வண்டிக்கு வண்டி மாறும், தத்துவம் மாறாது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவை மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை யார் வாய்மொழியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்.

உள்ளே நடப்பது என்ன?

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ஒரு சின்னக் காரில் ரப்பர் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லியும் கொண்ட கியரில்லாப் பெட்டியைக் கொண்டுவந்தது. நம் ஊரில் 1980-களில் கினெடிக் ஹோண்டா வந்தபோது, 'கியரே இல்லையா?' என்று எல்லோரும் வாய் பிளந்ததும் இதே தத்துவத்தைப் பார்த்துத்தான். இன்றைய ஸ்கூட்டரிலும் அடிப்படை அதுவே.

இடது பக்கக் கவரைக் கழற்றினால் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் பெல்ட். முன்புல்லி கிராங்க்கின் மேல் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே வரிசையாகச் சொன்னால்: ரேம்ப் பிளேட், ஆறு ரோலர்கள் அடங்கிய வேரியேட்டர், அதன் நடுவே ஊடுருவும் குழாய் போன்ற புஷ், பெல்ட், ஃபேன் பிளேட், வாஷர், நட்டு. வேரியேட்டர் புஷ்ஷின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஃபேன் பிளேட் நகராது. இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, வேரியேட்டரை ஃபேன் பிளேட்டை நோக்கித் தள்ளுகின்றன. இடுக்கு குறுகுவதால் பெல்ட் மேலே ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாதே! முன்னால் ஏறினால் பின்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். பின்புல்லியை ஒரு பெரிய ஸ்பிரிங் மூடிப் பிடித்திருக்கிறது. பெல்ட் அதை எதிர்த்து, புல்லியை விரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது.

ஆக இது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. முன்னால் ரோலர், பின்னால் ஸ்பிரிங். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தில்தான் உங்கள் இன்ஜினின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) நிற்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் வண்டியின் வேகம் ஏறிக்கொண்டே போனாலும் இன்ஜின் சத்தம் ஒரே சுருதியில் நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். அந்தச் சுருதி இன்ஜின் நன்றாக இழுக்கும் இடத்தில் விழ வேண்டும். மொத்த வேலையும் இவ்வளவுதான்.

முதல் வேலை, எதையும் கழற்றாமல் இருப்பது

ஆர்வத்தில் முதலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். இப்போது வண்டி எந்த ஆர்பிஎம்மில் நிற்கிறது என்று தெரியாமல் மாற்றத் தொடங்கினால், பிறகு எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல முடியாது. பிளக் ஒயரின் மேல் ஒரு கம்பியைச் சுற்றினால் ஆர்பிஎம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறியா, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறியா என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கும். ஐடிலில் 1,700 சுற்றுப் பக்கம் காட்ட வேண்டியது 850 அல்லது 3,400 காட்டினால் தேர்வு தப்பு.

காலியான, நேரான இடத்தில் நின்ற நிலையிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். மூன்று எண்களைக் குறியுங்கள்: கிளட்ச் பிடித்து வண்டி நகரத் தொடங்கும் ஆர்பிஎம், 30-லிருந்து 60 கிலோமீட்டர் வரை நிற்கும் ஆர்பிஎம், உச்ச வேகத்தில் ஆர்பிஎம். நடு எண்தான் ராஜா. உங்கள் வண்டி அதிகபட்ச சக்தி தரும் சுற்று எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். நடு எண் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியில் மைலேஜுக்காகக் கொஞ்சம் கீழேதான் வைத்திருப்பார்கள். நீங்கள் வேலை செய்யப்போவது அந்த இடைவெளியில்தான்.

பொதுச்சாலையில் முழு முறுக்கில் சோதிப்பது ஆபத்து. கோவையில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை என்று ஓடுதளங்கள் இருக்கின்றன. அவர்கள் அனுமதிக்கும் நாளில் போனால் நிம்மதி.

திறப்பது

இன்ஜின் ஆறட்டும். பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள், பிளக் கேப்பையும் எடுத்துவிடுங்கள். கவரின் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 மி.மீ. தலை, டி ஸ்பேனர் போதும். ஆனால் நீளம் ஒன்றுபோல இருக்காது. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை இடத்தில் முறுக்கி கேஸை உடைத்தவர்கள் உண்டு.

கவர் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எங்காவது எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கிராங்க் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து வேரியேட்டர் மாட்டினாலும் பெல்ட் வழுக்கும்.

நட்டைக் கழற்ற ஃபேன் பிளேட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை இறக்கைகளுக்கு நடுவில் செருகினால் முதலில் உடைவது இறக்கைதான். அதற்கென்று புல்லி ஹோல்டர் கிடைக்கும். இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் ஒரு இரும்புப் பட்டையில் இரண்டு பின் வைத்துச் செய்து தருவார்கள். கழற்றுவதற்கு இம்பாக்ட் கன் பரவாயில்லை. திரும்ப இறுக்குவதற்கு வேண்டவே வேண்டாம்.

நட்டைத் தொடும் முன் ஒரு அளவு எடுத்தாக வேண்டும். ஃபேன் பிளேட்டின் வெளிமுகத்தில், அல்லது நட்டுக்கு அடியில் தனி வாஷராக, ரம்பப்பல் மாதிரி சாய்ந்த பற்கள் இருக்கும். அதுதான் கிக்கர் வந்து கடிக்கும் ராட்சட். கேஸின் விளிம்பில் ஒரு நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து அந்தப் பல்லின் நுனி எவ்வளவு ஆழத்தில் அல்லது உயரத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். இந்த எண் பின்னால் வேண்டும். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோலர்: கணக்குப் போடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்

வேரியேட்டரை ரேம்ப் பிளேட்டோடு சேர்த்துப் பிடித்தபடி வெளியே எடுங்கள். விட்டால் ரோலர்கள் தரையில் உருண்டோடும். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஆறும் குப்பைக்கு. ரேம்ப் பிளேட்டின் மூலைகளில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். விலை குறைவு, ஆட்டம் கண்டால் கடகடவென்று சத்தம்.

புதிதாக வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விட்டமும் அகலமும். 16×13, 18×14 மி.மீ. எல்லாம் புழக்கத்தில் உண்டு. உங்களுடையதை வெர்னியரில் அளந்துவிட்டுப் போங்கள். எடையை நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன மின்தராசில் பாருங்கள். பாக்கெட்டில் 10 கிராம் என்று போட்டிருக்கும், உள்ளே 9.7-உம் 10.2-உம் கலந்திருக்கும். ஒரே செட்டில் 0.1 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எத்தனை கிராம்? ரோலரின் தள்ளுவிசை அதன் எடையைப் பொறுத்து நேராகவும், சுற்றும் வேகத்தைப் பொறுத்து வர்க்கமாகவும் ஏறுகிறது. அதனால் எடையை 10 சதவீதம் குறைத்தால் ஆர்பிஎம் 10 சதவீதம் ஏறாது, சுமார் 5 சதவீதம்தான் ஏறும். ஒரு உதாரணம். இப்போது ஆறு 12 கிராம் ரோலர்கள், மொத்தம் 72 கிராம். வண்டி 6,500-இல் நிற்கிறது, உங்களுக்கு 7,200 வேண்டும். 6,500-ஐ 7,200-ஆல் வகுத்தால் 0.903. அதை அதாலேயே பெருக்கினால் 0.815. 72-ஐ 0.815-ஆல் பெருக்கினால் 58.7 கிராம். ஆறால் வகுத்தால் ஒரு ரோலர் 9.8 கிராம். ஆக 10 கிராம் செட்டில் தொடங்கலாம். ஸ்பிரிங்கை மாற்றாத வரை இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். ஒவ்வொரு கிராமாக வாங்கிப் பரிசோதித்துப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட எடை வேண்டுமென்றால் இரண்டு செட்டைக் கலக்கலாம். மூன்று 10, மூன்று 11 என்றால் சராசரி பத்தரை. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாக வைக்க வேண்டும். ஒரே பக்கம் கனமானவை சேர்ந்தால் வேரியேட்டர் அதிரும்.

ரோலரின் ஒரு முகம் நைலானால் மூடியிருக்கும், மறு முகத்தில் உள்ளே இருக்கும் உலோகம் தெரியும். மூடிய முகம், சுழலும் திசைக்குப் பின்பக்கம் இருக்கும் சுவரில் சாய வேண்டும், ஏனென்றால் உராய்வு அங்கேதான். கிரீஸ் பற்றி எப்போதும் சண்டை நடக்கும். வேரியேட்டரின் மூடியைச் சுற்றி ரப்பர் சீல் வளையம் வைத்த வடிவமைப்பு என்றால், கையேடு சொல்லும் அளவு கிரீஸ் வைக்க வேண்டும். சீல் இல்லாதது என்றால் உலர்வாகவே விடுங்கள். அதில் கிரீஸ் வைத்தால் தூளோடு சேர்ந்து பசையாகி ரோலரை ஒட்டவைக்கும், கொஞ்சம் பெல்ட்டுக்கும் போகும்.

பின்பக்கம்: ஆசையை அடக்க வேண்டிய இடம்

பின்புல்லியை மூடிப் பிடிக்கும் அந்தப் பெரிய ஸ்பிரிங்தான் கான்ட்ரா ஸ்பிரிங். கடையில் அதை 1,000, 1,500, 2,000 என்று ஆர்பிஎம் பெயரில் விற்பார்கள். எண் கூடக் கூட ஸ்பிரிங் கடினம். 'ரேசிங்'குக்கு என்று முதலிலேயே 2,000 வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கடின ஸ்பிரிங் பெல்ட்டை நசுக்குகிறது, சூடாக்குகிறது, உச்சியில் பெல்ட்டை முழுதாக இறங்க விடாமல் வேகத்தைத் தின்கிறது. இன்ஜினைத் தொடாத வண்டிக்கு கம்பெனி ஸ்பிரிங்கே போதும். பெரிய சிலிண்டர், கேம் (வால்வைத் திறக்கும் பாகம்) என்று வேலை செய்து பெல்ட் வழுக்குவது தெரிந்தால், அல்லது வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்பக் கொடுக்கும்போது வண்டி சோம்பினால், அப்போது 1,000. ஸ்பிரிங் மாற்றினால் ஆர்பிஎம்மும் ஏறும், ரோலரை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் விளையாட்டு வேண்டாம். கிளட்ச்சின் பெரிய நட்டு வெளியே வந்த கணத்தில் மொத்தமும் முகத்தை நோக்கித் துள்ளும். கிளட்ச் கம்ப்ரஸர் கருவி போட்டு மெதுவாக விடுங்கள். கருவி இல்லையென்றால் இன்னொருவர் முழு எடையோடு அழுத்திப் பிடிக்க, நீங்கள் கழற்றுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம்.

பின்புல்லியின் நடுவே சாய்ந்த வெட்டுகளும் அவற்றில் ஓடும் பின்களும் இருக்கும். மேடு ஏறும்போது பின்சக்கரம் தரும் எதிர்ப்பு, இந்தச் சாய்வு வழியாகப் புல்லியை மூடி பெல்ட்டை மேலே ஏற்றும். கியர் வண்டியில் ஒரு கியர் குறைப்பதற்குச் சமம். வெட்டின் ஓரத்தில் பின் தங்கித் தங்கிக் குழி விழுந்திருந்தால் அங்கே அது மாட்டிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்த்தால் இது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பத்தாவது வளைவிலேயே தெரிந்துவிடும். பின்களைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ், மேலே ஓ-ரிங் புதிது. அவ்வளவுதான்.

கிளட்ச் ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் மூன்று சின்ன ஸ்பிரிங்குகள், எந்த ஆர்பிஎம்மில் கிளட்ச் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கடினமானது போட்டால் இன்ஜின் இழுக்கத் தொடங்கும் சுற்றில் கிளட்ச் பிடித்து வண்டி பாயும். நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது தொல்லை, ஷூக்கள் பிடிக்கும் கிண்ணமான கிளட்ச் பெல் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். ஷூ பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் எமரி தாளில் லேசாகத் தேயுங்கள்.

பெல்ட்டும் அந்த நட்டும்

என்னைத் தள்ள வைத்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

புல்லி முகங்கள் எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் பாருங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையில். முதலில் பின்புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடி ஆழத்துக்கு இறக்குங்கள். இப்போது முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அந்தத் தொய்வு நிச்சயம் வேண்டும். முன்னால் வேரியேட்டரை முழுக்க உள்ளே தள்ளி, பெல்ட்டைப் புஷ்ஷின் மேல் உட்காரவைத்து, ஃபேன் பிளேட்டைச் செருகுங்கள்.

இப்போது கவனம். ஃபேன் பிளேட் புஷ்ஷின் முனையில் உலோகத்தோடு உலோகமாக முட்ட வேண்டும். நடுவில் பெல்ட் தடித்து நின்றால், பிளேட் பெல்ட்டின் மேல் சாய்ந்து நிற்கும். நட்டும் இறுகியது போலவே இருக்கும். வண்டி ஓடியதும் பெல்ட் மேலே ஏறும், இடைவெளி திறக்கும், நட்டு தளரும், பிளேட்டின் நடுத்துளைப் பல் மழிந்துபோகும். எப்படிக் கண்டுபிடிப்பது? நட்டைக் கையால் முடிந்தவரை சுற்றுங்கள். 'டக்'கென்று கெட்டியாக நின்றால் உலோகம். கடைசிச் சுற்று ரப்பரை அமுக்குவது போல மெத்தென்று போனால் பெல்ட் மாட்டியிருக்கிறது. நட்டுக்கு வெளியே கழற்றும் முன் எத்தனை மரை தெரிந்ததோ, அத்தனை இப்போதும் தெரிய வேண்டும். அதுவும் சரியென்றால்தான் ஹோல்டரால் பிடித்து, டார்க் ரென்ச்சில் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும்.

இறுக்கியதும் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, முன்புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். பின்னால் ஆழத்தில் இருந்த பெல்ட் மெல்ல மேலே வந்து விளிம்பில் உட்காரும், முன்னால் தொய்வு மறையும். நட்டின் மேல் தொடங்கி ஃபேன் பிளேட் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஃபேன் பிளேட்டின் பெல்ட் படும் முகத்தில் அடி முதல் விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் கோடு இழுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு திறந்து பார்த்தால், பெல்ட் தொட்ட இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்புக்கு இரண்டு மூன்று மி.மீ. வரை அழிந்திருந்தால் நல்லது. நிறைய மிச்சம் இருந்தால் உங்கள் உச்ச வேகம் அந்த மிச்ச மையில்தான் இருக்கிறது. பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம், ஸ்பிரிங் அளவுக்கு மேல் கடினமாக இருக்கலாம், ரோலர் லேசாக இருக்கலாம்.

கிக்கர்

புது வேரியேட்டரின் புஷ் கம்பெனிப் புஷ்ஷைவிட நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் ஃபேன் பிளேட் இடம் மாறும். தொடக்க இழுவைக்காகச் சிலர் புஷ்ஷுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் 1 மி.மீ. வாஷர் வைப்பார்கள். பெல்ட் இன்னும் ஆழத்தில் உட்காரும், முதல் பாய்ச்சல் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதே 1 மி.மீ. ராட்சட்டும் வெளியே வந்து கிக்கரை நெருங்கும். நட்டுக்குக் கிடைக்கும் மரையும் அவ்வளவு குறையும். திறக்கும்போது எழுதி வைத்த எண் நினைவிருக்கிறதா? அதை இப்போது மறுபடி அளங்கள். ஒன்றாக இருந்தால் நிம்மதி.

ஒன்றாக இல்லையென்றால் குழந்தைகள் விளையாடும் களிமண் வாங்கி வாருங்கள். ராட்சட் பல்லின் மேல் ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி ஒட்டி, கவரை நான்கு போல்ட்டில் மாட்டி, திரும்பக் கழற்றுங்கள். ராட்சட்டைக் கடிக்கும் சின்னப் பல்சக்கரமான கிக் பினியனின் அச்சு களிமண்ணில் பதிந்திருக்கும். மிச்சமிருக்கும் தடிமன்தான் ஓய்வு நிலையில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி. கம்பெனி நிலையில் எடுத்த அச்சின் தடிமன்தான் உங்கள் இலக்கு, அதனால் புதுச் சாமான் மாட்டும் முன்பே ஒருமுறை இதைச் செய்து வைப்பது புத்திசாலித்தனம். குறைந்தால் ஓடும்போது பல் உரசும். கூடினால் உதைக்கும்போது பல்லின் நுனி மட்டும் கடித்து, நாலு நாளில் மழுங்கும்.

கவரின் உள்பக்கம் இருக்கும் அமைப்பு எளிது. நீங்கள் மிதிக்கும் லீவர் ஒரு தண்டைச் சுற்றுகிறது, தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம், அதை ஒட்டிச் சின்னப் பினியன். பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பினியனின் மேல் ஒரு மெல்லிய கம்பி ஸ்பிரிங் இறுகப் பிடித்திருக்கும், அதன் முனை கவரில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மிதித்ததும் அந்தக் கம்பி பினியனைச் சுற்ற விடாமல் ஒரு கணம் தடுக்கிறது. சாய்வுப் பல் அதை நெட்டித் தள்ளுகிறது. பினியன் உள்ளே ஓடி ராட்சட்டைக் கடிக்கிறது, பிறகு இரண்டும் சேர்ந்து கிராங்க்கைச் சுற்றுகின்றன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ராட்சட்டின் சரிவுப் பக்கம் பினியனை வெளியே தட்டிவிடுகிறது.

பெரும்பாலான கிக்கர் கோளாறுகள் அந்தக் கம்பியைச் சுற்றித்தான். அது தளர்ந்தால் அல்லது பள்ளத்திலிருந்து வெளியே வந்தால், பினியன் நின்ற இடத்திலேயே சுற்றும், கால் சும்மா கீழே போகும். புதுக் கம்பியின் விலை ஒரு டீ, வடைச் செலவுதான். அதை விட்டுவிட்டுப் பல்சக்கரம் மொத்தத்தையும் மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு.

பூட்டும்போது பினியன் தண்டில் உளுந்தளவு கிரீஸ், பெரிய தண்டின் புஷ்ஷில் இன்னொரு உளுந்து. அதிகம் வைத்தால் நேராகக் கீழே சுற்றும் ஃபேன் அதைப் பெல்ட்டுக்கு வாரி இறைக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் ஒரு முனையைக் கவரின் கொக்கியிலும் மறுமுனையைப் பல்சக்கரத்திலும் மாட்டி, தண்டை ஒரு சுற்றில் கொஞ்சம் முறுக்கி, தடுப்பைத் தாண்டியதும் உள்ளே அமுக்குங்கள். இந்த ஸ்பிரிங் விரலைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். தண்டைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையத்தைப் பூட்டியதும் லீவரைக் கையால் பத்து முறை அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு முறையும் பினியன் முழுதாக வெளியே வந்து முழுதாக உள்ளே போக வேண்டும், லீவர் தானே மேலே வந்து நிற்க வேண்டும். கவரைக் கையில் வைத்துப் பார்க்கும் இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் எந்த அவசரத்திலும் விட்டதில்லை.

இன்ஜினில் கம்ப்ரஷன் ஏற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல ஸ்கூட்டர்களின் கேம் ஷாஃப்ட்டில், ஸ்டார்ட் ஆகும்போது வால்வைச் சற்றே திறந்து கம்ப்ரஷனைக் குறைக்கும் சின்ன அமைப்பு இருக்கும். ரேஸ் கேம்களில் அது இல்லாமல் போகலாம். அப்போது கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்காலையும் பல்லையும் சேர்த்து. கிக்கரை மெல்ல அமுக்கி, கல் மாதிரி நிற்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை மேலே கொண்டுவந்து, அப்புறம் அடிவரை ஒரே மிதி. பாதியில் காலை எடுக்கக் கூடாது. செருப்புக் காலோடு வேண்டாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால், பேட்டரி அடியோடு செத்த நிலையில் கிக்கர் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்ரோல் பம்ப்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்கும் கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் பம்ப்பின் 'ஸ்ஸ்' சத்தமே இல்லையென்றால் உதைத்துக் களைப்பதில் பயனில்லை. கிக்கரையே தராத மாடல்களும் இப்போது வந்துவிட்டன, அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தப் பகுதி முழுக்க வேடிக்கை பார்க்க மட்டும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் செல்ஃப் வேண்டாம், கிக்கரில் ஸ்டார்ட் பண்ணுங்கள். சென்டர் ஸ்டாண்டில் இரண்டு நிமிடம் ஐடில். காதைக் கவர் பக்கம் கொண்டுபோங்கள். 'கிர்ர்ர்' என்று உலோக உரசல் கேட்டால் பினியன் ராட்சட்டைத் தொடுகிறது, நிறுத்துங்கள். லீவரைக் கையால் மேலே தூக்கிப் பிடித்ததும் சத்தம் நின்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் பலவீனம். நிற்கவில்லையென்றால் இடைவெளி போதவில்லை, களிமண்ணுக்குத் திரும்புங்கள்.

இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பெல்ட்டைப் படியவிட்டு, அதே இடம், அதே ஆள், அதே மூன்று எண்கள். நோட்டில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நடு எண் இலக்குக்குக் கீழே நின்றால் ரோலர் இன்னும் கனம். இலக்கைத் தாண்டிக் கத்திக்கொண்டு வேகம் ஏறாமல் இருந்தால் லேசு. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக ஆர்பிஎம் விழுந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் பெல்ட் வழுக்கல், அல்லது ஸ்பிரிங் கடினம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ரோலரையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஆர்பிஎம் ஏற்றினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பெல்ட் சீக்கிரம் தேயும். கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே பெல்ட்டைப் பார்க்கத் தொடங்குங்கள். காற்று உள்ளே வரும் வழியில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிட்டால் குளிர்ச்சி கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மணலும் தூளும்தான் கூடும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் கவரைத் திறந்து, முதலில் அந்த நெயில் பாலிஷ் கோட்டைப் பாருங்கள். அது நேராக இருந்தால் மையைப் பாருங்கள், பிறகு ராட்சட் பல்லின் நுனியில் புதிதாகப் பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு மூடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஃபேன் பிளேட்டின் நடுத்துளைப் பற்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.